எல்லோரும் பணம் அனுப்பவில்லை

நம் பள்ளி வாட்ஸப் குழுவில் நேற்று நடந்த கூத்து உங்களில் பலருக்குத் தெரியும். சாரின் டயாலிசிஸ் செலவுக்குப் பணம் சேர்க்கும்போது "எல்லோரும் இன்னும் அனுப்பவில்லை" என்று எழுதினேன். சிலர் அனுப்பிவிட்டார்கள், சிலர் பாக்கி என்பதுதான் பொருள். நண்பர் ஒருவர் அதை "யாருமே அனுப்பவில்லை" என்று எடுத்துக்கொண்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு, "அப்போ இது என்ன? கணக்கைக் காட்டு" என்றார். அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

"எல்லோரும்" என்பதோடு "இல்லை" சேர்ந்தால் தமிழில் இரண்டு பொருளும் வரும். தப்பிப்பதற்காக நான் கண்டுபிடித்த சாக்கு அல்ல இது. "முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்" என்று நன்னூல் என்ற இலக்கண நூலில் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். "எல்லோரும்" என்பதில் வரும் "உம்" முழுமையைக் காட்டும், சில இடங்களில் மீதி இருப்பதையும் காட்டும் என்று அர்த்தம். அதற்கு உரையில் காட்டும் உதாரணமே "எல்லாரும் வந்திலர்". சிலர் வந்தார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது. நேரில் பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். போனில் தட்டிய வரிக்குக் குரல் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், சந்தேகம் வந்தால் கேளுங்கள்.

தங்கை கல்யாணத்தில் அத்தை பந்தியிலிருந்து வந்து, "மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் சாப்பிடல" என்றார். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "யாருமேவா?" என்று கேட்டார். "இல்லண்ணே, பெரியவங்க நாலு பேரு மட்டும்தான் பாக்கி." அவ்வளவுதான், இலை போட்டாகிவிட்டது. அந்த ஒரு கேள்வியைத்தான் நானும் எதிர்பார்த்தேன்.

"சிலர் அனுப்பவில்லை என்று எழுதியிருக்கலாமே" என்பீர்கள். எழுதியிருந்தால், "யாரைச் சொல்ற, பேரைச் சொல்லு" என்று வந்திருப்பீர்கள். கையில் காசில்லாதவர் மனம் நோகக்கூடாதென்றுதான் பொதுவாக எழுதினேன். "பண விஷயத்தில் கவனம் வேண்டும்" என்கிறார் இன்னொருவர். சரி, வேண்டும்தான். அனுப்பியவர்கள் பட்டியலை முந்தின நாளே அதே குழுவில் போட்டது நான். கோபப்பட்ட நண்பரின் பெயர்தான் அதில் முதலில் இருக்கிறது. அதைக்கூடப் பார்க்காமலா?

பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் டிபனில் பாதியைச் சாப்பிட்டவன். "என்னடா சொல்ற?" என்று ஒரு வார்த்தை கேட்க முடியவில்லையா? வாக்கியத்துக்கு இரண்டு பொருள் இருந்தது. என்னைத் திருடனாக்கும் பொருள்தான் கண்ணில் படவேண்டுமா? அதை விடுங்கள், மற்றவர்களும் கைதட்டும் ஸ்டிக்கர் போட்டீர்களே, அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

கணக்கை மறுபடி குழுவில் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் அனுப்பாதவர்கள் முடிந்ததை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ், போக வர ஆட்டோவுக்கே சார் வீட்டில் திண்டாடுகிறார்கள்.