ஏலம் போனது அதே பழம் இல்லை அண்ணே
2019-ல் கலைப்படைப்பு என்று சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழத்தைக் கெடாமல் வைத்திருந்து 2024-ல் ஏலம் விட்டார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். அது சரியில்லை அண்ணே. அமெரிக்காவின் மயாமி கலைக் கண்காட்சியில் இத்தாலியக் கலைஞர் மௌரிட்சியோ கட்டெலானின் பழத்தை ஒருவர் அங்கேயே உரித்துத் தின்றுவிட்டார். உடனே வேறு பழம் ஒட்டினார்கள். நம்ம மதுரை வெயிலில் ஒரு சீப்பு நாட்டுப்பழம் நாலாம் நாளே தோல் கறுத்துப்போகிறதே, அப்புறம் 5 வருடம் எப்படித் தாங்கும்? 2024 நவம்பரில் 62 லட்சம் டாலர் கொடுத்தவருக்கு முக்கியமாகக் கிடைத்தது சான்றிதழும், எப்படி ஒட்டுவது என்ற செய்முறைக் குறிப்பும்தான். பழத்தை மாற்றிக்கொண்டே இருக்கலாம். எனக்கு இந்தப் படைப்பு ரொம்பப் பிடித்ததே அதனால்தான். அதை ஏலம் விட்ட சோதபீஸ் நிறுவனத்தின் தளத்தில் கட்டெலான் பெயரைத் தேடி அந்த ஏலப் பக்கத்தைத் திறங்கள். சான்றிதழும் குறிப்பும் சேர்ந்தே விற்கப்படுவதாகப் போட்டிருக்கும்.