மாதுமை என்று பேர் வையுங்கோ, எழுத்தையும் கவனியுங்கோ

கோணேஸ்வரன், கோணேசலிங்கம், கோணேஸ்வரி என்று கோணேசரின் பேரைப் பிள்ளையளுக்கு வைக்கத் திருக்கோணமலையில் எவரும் தயங்கியதில்லை. அங்கே சுவாமிமலை என்கிற குன்றிலுள்ள சிவன் கோயிலில் அவரோடு இருக்கிற மாதுமை அம்பாளின் பேர் மட்டும் இன்னும் அரிதாகத்தான் காதில் விழுகிறது. மூன்றே எழுத்து, கிரந்தம் இல்லை, கூப்பிட வடிவான பேர். இதை விட்டிட்டு 'ஷ்'ஐயும் 'ஸ்'ஐயும் தேடி எண்சாத்திரக்காரரிடம் ஓடுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. நட்சத்திர எழுத்துப் பார்க்கிற வீடுகளில் மகத்துப் பிள்ளைக்குத்தான் 'ம' வாய்க்கும், அது உண்மைதான். மகத்தில் பிறந்த பெண்பிள்ளைகள் ஊரில் இல்லையா என்ன?

இனி உச்சரிப்பு. மாதுவும் உமையும் சேர்ந்ததுதான் மாதுமை. தனியாக 'மாது' என்னும்போது கடைசி உகரம் குறுகி ஒலிக்கும், இதழ் குவியாது. உமை வந்து சேர்ந்ததும் அந்த உகரம் போய்விடும். 'து'வில் இருப்பது உமையின் முழு உகரம், ஆகவே இதழைக் குவித்துத்தான் சொல்ல வேணும். அவசரத்தில் அதை விழுங்கினால் 'மாத்மை' ஆகிவிடும். 'த' மெதுவாக, 'பாதை'யில் வருகிற மாதிரி. அழுத்தினால் 'மாத்துமை'. தொலைபேசியில் சொன்னால் 'மாதுளையா?' என்று திருப்பிக் கேட்கிற ஆக்களும் உண்டு, அதற்கு மருந்தில்லை.

பெரிய சிக்கல் கடதாசியில்தான். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேணும். பேர் முடிவாகவில்லை என்றால் பேரில்லாமல் பதிந்துவிட்டுப் பிறகு சேர்க்கலாம், அவசரப்பட்டுப் பிழையாகக் கொடுப்பதைவிட அது நல்லது. விவரத்தைக் கையால் எழுதிக் கொடுக்கும்போது 'மா'வின் காலை 'ர' மாதிரி இழுக்காதேங்கோ. பார்த்து எழுதுகிறவர் 'மரதுமை' என்று பதிந்தால் திருத்த அலைய வேண்டியது நீங்கள்தான். கையெழுத்து வைக்க முதல் எழுத்துக்கூட்டி வாசியுங்கோ.

ஆங்கிலத்தில் பலர் முதல் 'ஏ'யை ஒன்றோடு நிறுத்துகிறார்கள். அப்போது நெடில் போய், வாசிக்கிறவர் வாயில் 'மதுமை' ஆகிறது. பள்ளிக்கூடத்தில் அதைச் சுருக்கி 'மது' என்று கூப்பிடத் தொடங்கினால் பிள்ளைதான் பாவம். எம், ஏ, ஏ, ரி, எச், யு, எம், ஏ, ஐ (Maathumai) என்று இரண்டு 'ஏ' போடுங்கோ. 'ரி, எச்'சுக்குப் (th) பதிலாக 'டி' (d) போட்டால் எங்கட ஆக்களே 'மடுமை' என்று வாசிப்பார்கள்.

சிங்களத்தில் 'த'வுக்கு வேறு வேறு எழுத்து உண்டு. மூன்றுக்கான சிங்களச் சொல் 'துன'வின் முதலெழுத்தைப் போட்டால் ஒலி வன்மையாகிவிடும், இரண்டுக்கான 'தெக'வின் முதலெழுத்துத்தான் கிட்ட வரும். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கு: அந்தச் சிங்கள எழுத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாற்றுகிறவர் நேராக 'டி' போட்டுவிடுவார். அதனால் மொழிபெயர்ப்பாளரிடம் பத்திரத்தைக் கொடுக்கும்போதே ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தனித் துண்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கோ. பள்ளிக்கூட இடாப்பு, பரீட்சை விண்ணப்பம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் அதே கூட்டல் இருக்க வேணும். ஓரெழுத்து மாறினாலும் பிறகு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டி வரும்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் வேறு கூட்டல் சொல்லித் தருவார்கள். பிரெஞ்சுக்காரர் 'ரி, எச்'சை அழுத்தமான 'த்' என்றும், கடைசி 'ஏ, ஐ'யை 'ஏ' என்றும் வாசிப்பதால், அங்கே பேர் கிட்டத்தட்ட 'மாத்துமே' என்றுதான் கேட்கும். எந்தக் கூட்டலாலும் எல்லா ஊர் வாயையும் திருத்த முடியாது. அதுக்காகப் பத்திரத்தில் கை வைக்காதேங்கோ, அங்கத்தைய ஆசிரியருக்கு ஒருக்கால் வாயால் சொல்லிக் கொடுத்தால் போதும். வீட்டில் செல்லமாகக் கூப்பிட 'உமை' நல்லது.