பைக் வேகத்துக்குச் சம்மன் வந்தால் ஜெயிலா?

"பைக்கில் வேகமாகப் போய் மாட்டினால் கோர்ட்டில் முதல் நாளே ஜெயில், அப்புறம் பாஸ்போர்ட்டே கிடைக்காது" என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. சிங்கப்பூர், மலேசியா வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறைந்த ஊர்கள் இவை. அவர்களை வீணாகப் பயமுறுத்தும் இந்தத் தகவல் தவறு.

வேக வரம்பைத் தாண்டுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவில் வருகிறது. அதில் சிறைத் தண்டனையே இல்லை, அபராதம்தான். பைக்குக்கு வழக்கமாக 1,000 ரூபாய். மறுபடி மாட்டினால் லைசென்ஸுக்குச் சிக்கல் வரும்.

ஜெயில் பேச்சு 184-ஆவது பிரிவிலிருந்து வந்திருக்கலாம். அது ஆபத்தாக ஓட்டுவதற்கானது. முதல் தடவைக்கே 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆகவே சம்மனில் எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். 184 என்றால் வக்கீலைப் பார்க்காமல் போகவே வேண்டாம்.

பாஸ்போர்ட்? 1967 சட்டப்படி, தண்டனை காரணமாக மறுக்க வேண்டுமென்றால் அது ஒழுக்கக்கேடான குற்றமாகவும், கடந்த 5 ஆண்டுகளுக்குள் 2 வருடத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றதாகவும் இருக்க வேண்டும். வேக அபராதம் அதில் சேராது. ஆனால் நிலுவையில் கிடக்கும் வழக்கு பாஸ்போர்ட்டுக்கு இடைஞ்சல் தரலாம். பயந்து சம்மனைப் பரணில் போடுவதுதான் உண்மையான ஆபத்து. குறித்த தேதியில் போய், அபராதம் கட்டி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

18 வயது ஆகாத பையன் ஓட்டியிருந்தால் கதை வேறு. அங்கே பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.