என் மக்கை எரித்தவர்கள் என்னிடமே உரம் விற்க வருகிறார்கள்

இன்று காலை அந்தத் தோட்டப் பராமரிப்புக்காரர்களிடமிருந்து போன். இயற்கை உரம் வந்திருக்கிறதாம், ஐந்து கிலோ பை 150 ரூபாயாம், எத்தனை பை வேண்டும் என்று கேட்கிறார்கள். என்னிடம்! மூன்று வாரத்துக்கு முன்னால் என் வீட்டிலிருந்து, சருகையும் சமையலறைக் கழிவையும் மட்க வைத்து நான் பதினான்கு மாதம் செய்த மக்கு உரத்தை அள்ளிக்கொண்டு போய்க் கொளுத்தியவர்கள், என்னிடமே உரம் விற்கக் கூப்பிடுகிறார்கள். போனை வைத்த பிறகும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் சொன்ன வேலை இரண்டே இரண்டு. மழைக்கு முன்னால் மாமரத்தின் கிளைகளை அளவாக வெட்டிக் கவாத்து செய்ய வேண்டும், தென்னையில் தொங்கும் காய்ந்த மட்டைகளை இறக்க வேண்டும். கூலி 2,800 ரூபாய், அதற்கு மேல் மறுசுழற்சிக் கட்டணம் என்று தனியாக 700. அந்த 700 ரூபாய்க்காகத்தான் இவர்களைக் கூப்பிட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தெருமுனையில் அரிவாளோடு நிற்கும் பெரியவர் 1,500 ரூபாய்க்கே வெட்டித் தருவார், ஆனால் வெட்டியதை எங்கே போடுவார் என்று தெரியாது. இவர்களோ கொம்பு, மட்டை, இலை எல்லாவற்றையும் துண்டாக்கி, உரமாக்கி, மண்ணுக்கே திருப்பித் தருகிறோம் என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருந்தார்கள். நம்பினேன்.

காலை எட்டு மணிக்கு மூன்று தம்பிகள் குட்டி யானை வண்டியில் தெருமுனை வரை வந்து இறங்கினார்கள். டீ போட்டுக் கொடுத்து, எந்தக் கிளை, எவ்வளவு நீளம் என்று காட்டி, மரத்தடியில் கிடக்கும் சருகைத் தொடாதீர்கள், அது மண் காயாமல் இருக்கப் போட்ட மூடாக்கு என்று சொன்னேன். பின்பக்கம் செங்கல் அடுக்கிய மக்குத் தொட்டியையும் காட்டி, இதன் பக்கமே போக வேண்டாம் என்றேன். "சரிங்கம்மா" என்றார்கள். அப்புறம்தான் வங்கிக்குப் போனேன். அங்கே ஒரு கையெழுத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

திரும்பி வந்து கேட்டைத் திறந்தால் தோட்டம் பளிச்சென்று இருக்கிறது. மாமரத்தடியில் ஒரு சருகு இல்லை, வேர் வெளியே தெரிகிறது. நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு கிடந்த இடம் அது. சித்திரை வெயிலிலும் கையை விட்டால் அடியில் ஈரம் இருக்கும், மண்புழு நெளியும். அதையெல்லாம் விளக்குமாறால் வறட்டு வறட்டென்று பெருக்கித் தள்ளியிருக்கிறார்கள். பின்பக்கம் ஓடினேன். தொட்டி காலி. செங்கல்லைக்கூடத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வைத்திருக்கிறார்கள். "குப்பை நிறைய இருந்துச்சும்மா, க்ளீன் பண்ணிட்டோம்" என்று அந்தத் தம்பி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறான். அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. அவனிடம் எப்படிக் கத்துவது? எது குப்பை, எது மண் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நோட்டீஸ் அடித்ததோடு சரி.

மக்கு செய்து பார்த்தவர்களுக்குத்தான் இந்த வலி புரியும். வேப்பிலை சீக்கிரம் மட்கிவிடும், மாவிலை அப்படியில்லை. தடித்த தோல், மெழுகு பூசியது போல இருக்கும், மாதக்கணக்கில் அசையாது. அதை மிதித்து நொறுக்கி, இரண்டு பங்கு சருகுக்கு ஒரு பங்கு சமையலறைக் கழிவு என்று அடுக்கி, புளித்த மோர் தெளித்து, சாணிக் கரைசல் ஊற்றி, பிழிந்த துணியின் ஈரம் இருக்கிறதா என்று கையால் பார்த்துப் பார்த்து, பத்து நாளுக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி குவியல் இருந்தால்தான் உள்ளே சூடு ஏறும், 55, 60 டிகிரி வரை போகும், மார்கழிக் காலையில் கிளறினால் ஆவி பறக்கும். அந்தச் சூட்டில்தான் களை விதையெல்லாம் சாகும். கழுத்து வரை நிரப்பிய தொட்டி மட்கி மட்கிக் கால்வாசிக்கு வந்துவிடும், மறுபடி நிரப்ப வேண்டும். பதினான்கு மாதம் இப்படி. போன மாதம் அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மோந்தபோது மழை பெய்த மண் வாசனை வந்தது, அத்தையிடம் ஓடிப்போய்க் காட்டினேன். ஐப்பசியில் பாத்திக்குப் போடலாம் என்றிருந்தேன்.

சரி, எடுத்துவிட்டார்கள், எங்கேயோ உரமாகத்தானே ஆகும் என்று அன்று மத்தியானம் மனதைத் தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் புகை. அடுத்த தெரு காலி மனையிலிருந்து வெள்ளையாக, கனமாக, நேராக எங்கள் ஜன்னலுக்கு. பச்சைக் கொம்பு, ஈர மக்கு எல்லாம் சேர்த்துக் கொளுத்தினால் அது எங்கே எரியும், கனன்று கனன்று ராத்திரி முழுக்கப் புகையும். போய்ப் பார்த்தேன். என் மாமரக் கொம்பு, என் தென்னை மட்டை, நான் தேங்காய் நார் கட்டி வைத்திருந்த பச்சைச் சாக்கு உட்பட அங்கே கிடக்கிறது. அத்தைக்கு மூச்சிழுப்பு உண்டு. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது மடிப்பாக்கத்தில் ஜன்னலையெல்லாம் மூடிக்கொண்டு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அன்று ராத்திரி மறுபடி அதே பாடு, மூச்சு மருந்துக் குப்பியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதுவும் என் வீட்டு இலையால், நான் காசு கொடுத்து.

மறுநாள் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டால், "காஞ்ச இலைதானே மேடம், பிளாஸ்டிக்கா எரிச்சோம்?" என்கிறார். இலைப் புகையில் வரும் நுண்துகள் நுரையீரலுக்குள் போகாதா? கார்பன் மோனாக்சைடு வராதா? குப்பையைத் தெருவிலோ பொது இடத்திலோ எரிக்கக் கூடாது, தோட்டக் கழிவைத் தனியாக வைத்து உள்ளாட்சி சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது. அதே வருடம் டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதம் சொன்னது. இதை எடுத்துச் சொன்னால், "வண்டி டீசலுக்கே கட்டுப்படியாகலை மேடம், துண்டாக்குற மிஷின் ரிப்பேர்" என்றார். எத்தனை நாளாக ரிப்பேர் என்று கேட்டேன். பங்குனியிலிருந்தாம்!

பங்குனியிலிருந்து ஆவணி வரை ஒவ்வொரு வீட்டிலும் 700 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. உரமாக்குவது லேசான வேலை இல்லை, இடம் வேண்டும், மிஷின் வேண்டும், தண்ணீர் வேண்டும், மூன்று மாதம் புரட்ட ஆள் வேண்டும், எனக்குத் தெரியாதா? முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொம்பை நானே வெட்டித் துண்டாக்கி மூலையில் குவித்திருப்பேன், மட்டையை வரப்பாகப் போட்டிருப்பேன். கேட்டால் 1,500 ரூபாய்கூடக் கொடுத்திருப்பேன், உண்மையாகச் செய்திருந்தால். செய்கிறோம் என்று சொல்லிக் காசையும் வாங்கிக்கொண்டு, மண்ணாகிவிட்ட ஒன்றைக் கொண்டுபோய்ச் சாம்பலாக்கியிருக்கிறார்கள். 700 ரூபாயைத் திருப்பித் தருகிறேன் என்று மேனேஜர் சொன்னார், இதுவரை வரவில்லை. வந்தாலும் அந்தப் பதினான்கு மாதத்தை யார் தருவார்கள்?

இன்றைக்கு அந்த போனில் பேசிய பெண்ணிடம், அந்த உரம் எந்த வீட்டு இலையில் செய்தது என்று கேட்டேன். கம்பெனியில் வாங்குகிறோம் மேடம் என்றாள். அதாவது இவர்கள் ஒரு பிடி உரம்கூடச் செய்யவில்லை.

தொட்டியை மறுபடி ஆரம்பிக்கலாம் என்று நேற்றே பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு சாக்கு வேப்பஞ்சருகு வாங்கி வைத்துவிட்டேன். சாணி வேண்டும். மாடு வைத்திருக்கும் அண்ணன் சைக்கிளில் கொண்டுவந்து தருவார், ஆனால் அவர் வர வழியில்லை. மழைநீர் வடிகால் என்று எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது, கேட்டுக்கு வெளியே ஆளுயரப் பள்ளம், மேலே ஒற்றைப் பலகை. அத்தை வீட்டை விட்டு வெளியே இறங்கி நாற்பது நாளாகிறது. வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கப்போகிறது, இன்னும் கம்பிகூடக் கட்டவில்லை. அந்த ஒப்பந்தக்காரர் எங்கே ஐயா இருக்கிறார்?