ஹெட்லைட்டின் தோலை உரித்துவிட்டு வெயிலில் விடாதீர்கள்

போன வெள்ளிக்கிழமை இரவு அம்மாவை ஏற்றிக்கொண்டு அம்பாறையிலிருந்து சம்மாந்துறை வழியாகக் காரைதீவுக்கு வந்துகொண்டிருந்தேன். வயலை ஊடறுத்துச் செல்லும் வீதியின் நடுவே படுத்துக் கிடந்த எருமையை மிக அருகில் வந்த பிறகுதான் கண்டேன். பிரேக்கை அழுத்தி மிதித்துக் கார் நின்றபோது, அதன் முதுகுக்கும் என் பம்பருக்கும் இடையில் ஒரு முழம் மிஞ்சியிருந்தது. நாற்பதுக்கு மேல் ஓடாததால் தப்பினோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வந்திருந்தால், ஒரு வினாடியிலேயே கார் ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடும். பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும். இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால், சாயம் பிடித்த தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து மூடியதுபோல, வெளிச்சம் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது.

அந்த ஹெட்லைட்டை நான்கு மாதங்களுக்கு முன்புதான் 6,000 ரூபாய் கொடுத்துப் புதுப்பித்தேன். அதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அன்று கராஜில் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி ஒருவர் தண்ணீர் ஊற்றி ஊற்றி, முதலில் 800 இலக்கச் சாண்ட் பேப்பராலும், பிறகு 1500, 2000 என்று மென்மையானவற்றாலும் தேய்த்தார். பம்பரின் மேல் மஞ்சள் கலந்த பால்போல ஒரு நீர் வழிந்தது. அழுக்குப் போகிறது என்று மகிழ்ந்தேன். பிறகு கொம்பவுண்ட் என்னும் பொலிஷ் பசையைப் பூசி மெஷினால் பொலிஷ் செய்தபோது, உள்ளே பல்பின் கம்பி வரை தெரிந்தது. கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பால்போன்ற நீரில் வழிந்தோடியது அழுக்கு மட்டும் அல்ல, என் ஹெட்லைட்டின் பாதுகாப்புத் தோலும்தான் என்பதை அங்கே ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஹெட்லைட்டின் முன்மூடியான லென்ஸை நாம் பழக்கத்தில் கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, இன்றைய கார்களில் இருப்பது பொலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அப்பாவின் பழைய மொரிஸ் மைனரில் இருந்தது அசல் கண்ணாடி. அது மஞ்சளானதை நான் பார்த்ததே இல்லை. பொலிகார்பனேட் கல் பட்டாலும் எளிதில் உடையாது, ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரை அது தாங்காது. மேற்பரப்பின் மூலக்கூறுகள் சிதைந்து மஞ்சளாகிவிடும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் கடினமான பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புகிறார்கள். பல வருட வெயிலில் அந்தப் பூச்சு திட்டுத்திட்டாக உரியும்போதுதான் ஹெட்லைட் மங்கத் தொடங்குகிறது. அதைத் தேய்த்து அகற்றுவது சரியான வேலைதான். ஆனால், அகற்றிய இடத்தில் புதிய பாதுகாப்பைப் போடாமல் காரைத் திருப்பிக் கொடுப்பது, புண்ணைக் கழுவிவிட்டு மருந்து கட்டாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்குச் சமம்.

அதுவும் எந்த ஊரில்? கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வேளையில் பொனட்டில் கை வைக்க முடியாத மட்டக்களப்பிலும் கல்முனையிலும்! இங்கே பாடசாலைகளுக்கும் கந்தோர்களுக்கும் முன்னால் கார்கள் காலை எட்டு மணியிலிருந்து வெயிலைப் பார்த்தபடியேதான் நிற்கின்றன. வெறும் பொலிஷோடு விட்ட பிளாஸ்டிக் இந்த வெயிலுக்கு எத்தனை நாள் ஈடுகொடுக்கும்?

இரண்டாம் முறை போய் முறையிட்டபோது எனக்குக் கிடைத்த பதில் இது: "அதெல்லாம் வெயிலுக்கு அப்படித்தான் சேர். மறுகா மங்கினா கொண்டு வாங்க, இன்னொருக்காப் பொலிஷ் பண்ணுவம்." ஒவ்வொரு பொலிஷிலும் லென்ஸ் இன்னும் கொஞ்சம் தேய்கிறது. என்னிடம் மீண்டும் மீண்டும் காசு வாங்குவதற்கான ஏற்பாட்டை எனக்கே உதவிபோலச் சொன்னார்கள். பற்பசையால் தேய், நுளம்புக் கிரீமைப் பூசு என்று சொல்பவர்கள் வேறு இருக்கிறார்கள். நுளம்புக் கிரீமில் உள்ள டீட் என்னும் இரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக்கிவிடும். அன்றைக்குத் தெரியும் பளபளப்பு அந்தச் சேதத்தால் வருவது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

வழி இல்லாமலா இருக்கிறது? கல்லடியில் இருக்கும் என் மச்சான் தன் காருக்கு முறையாகச் செய்தார். பொலிஷ் முடிந்தவுடன் ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, பேபி ஷாம்பூ சில துளிகள் கலந்த தண்ணீரை லென்ஸிலும் பிலிமின் பசைப் பக்கத்திலும் தெளித்து, டீபியூ (TPU) என்னும் இழுபடும் தெளிவான பிளாஸ்டிக் பிலிமை வழுக்கி வழுக்கி இடத்தில் நிறுத்தினார். நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் துண்டால் தண்ணீரை ஒதுக்கி, வளைவில் தலைமயிர் உலர்த்தும் கருவியால் இலேசாகச் சூடு காட்டி இழுத்து ஒட்டினார். ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தடிப்புதான் அந்தப் பிலிம். இரண்டு வருடம் கழிந்துவிட்டது. ஓரத்தில் மெல்லிய கோடாகத் தூசி பிடித்திருக்கிறதே தவிர, உள்ளே லென்ஸ் தெளிவாகவே இருக்கிறது. பிலிம் பழுதானால் உரித்துவிட்டு வேறொன்று ஒட்டலாம், லென்ஸைத் தொடவே வேண்டியதில்லை. பிலிம் வேண்டாம் என்றால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் டூ கே கிளியர் கோட் என்னும், இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் தெளிவான பூச்சை அடிக்கலாம். அதில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் என்னும் இரசாயனம் இருப்பதால், துணி முகக்கவசத்தோடு அடிக்காமல் உரிய சுவாசக் கவசம் அணிந்து அடிக்க வேண்டும். வெறும் மெழுகு சில வாரங்களில் போய்விடும். கறுப்பு நிறப் பிலிமை அழகுக்கு ஒட்டுகிறவர்களைப் பற்றி எனக்குப் பேசவே விருப்பமில்லை. இருக்கிற வெளிச்சத்தையும் கொன்றுவிடுகிறார்கள்.

வெளிச்சம் போதவில்லை என்று ஹலோஜன் ஹெட்லைட்டுக்குள் எல்ஈடி பல்பைச் செருகுவதும் இந்தக் குறையின் பிள்ளைதான். மங்கிய லென்ஸ் அந்த ஒளியைச் சிதறடித்து, எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணைக் குருடாக்குகிறது. வீதியோ இருட்டாகவே கிடக்கிறது. அமெரிக்காவின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ (AAA) 2018 இல் சோதித்தபோது, மங்கி மஞ்சளான ஹெட்லைட்டுகள் டிம்மில் புதிய லைட்டின் ஒளியில் 22 வீதத்தை மட்டுமே கொடுத்தன. நாட்டில் 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களின் இறக்குமதி நின்றிருந்ததால், நம்மில் பலர் ஓட்டுவது பழைய கார்களைத்தான். இவற்றின் லைட்டுகள் இனித்தான் இன்னும் மங்கப் போகின்றன.

கராஜ் வைத்திருக்கும் அண்ணன்மாரே, தம்பிமாரே, வேலைக்கு இன்னும் இரண்டாயிரம் கூடக் கேளுங்கள், தருகிறேன். தேய்ப்பதற்கு முன் "இதற்குமேல் பிலிமோ கோட்டிங்கோ கட்டாயம் வேண்டும்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். நாளைக்கு வேறொரு கராஜுக்குப் போகிறேன். பிலிமை நானே வாங்கி வைத்துவிட்டேன். அது இரண்டு லைட்டிலும் ஓரம் வரை ஒட்டி முடியும்வரை ஒரு சதமும் கொடுக்கப் போவதில்லை.