ஃபாஸ்டாக் ஸ்டிக்கர் ஒட்டுக்கேட்குமா?

மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. சுங்கக் கட்டணம் கட்டுவதற்காக கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாக், களியக்காவிளை முதல் கன்னியாகுமரி வரை நொடிக்கு நொடி நம்மைப் பின்தொடர்கிறதாம், பேச்சையும் கேட்கிறதாம், உடனே கிழித்துப் போட வேண்டுமாம்.

இது பொய். தயவுசெய்து கிழிக்காதீர்கள்; அப்புறம் சுங்கச்சாவடியில் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்.

பழைய ஸ்டிக்கர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய உலோக ஆன்டெனா, நடுவில் கடுகளவு சிப், அவ்வளவுதான். பேட்டரி, மைக், ஜிபிஎஸ் எதுவும் கிடையாது. நாங்குநேரி சாவடியில் ரீடர் அனுப்பும் ரேடியோ அலை பட்டால்தான், சில மீட்டர் தூரத்துக்குள், அது தன் எண்ணைச் சொல்லும். எந்தச் சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தோம் என்பது பதிவாகும், உண்மைதான். நடுவழியில் ஒன்றும் தெரியாது.

சரி, பயமே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு இடத்தில். சிம் பொருத்தி, செல்போன் ஆப்போடு வரும் புதுக் கார்கள் இருப்பிடத்தையும் ஓட்டும் விதத்தையும் கம்பெனிக்கு அனுப்பக்கூடியவை. 2023இல், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்குப் பின்னால் இருக்கும் மொஸில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் தனியுரிமையை ஆராய்ந்தது, ஒன்றுகூடத் தேறவில்லை.

நான் வாங்கிய பழைய காரின் திரையில் முந்தைய உரிமையாளரின் போன் எண்கள் முழுக்க இருந்தன, ‘அம்மா’ உட்பட. விற்கும் முன் திரையை ரீசெட் செய்யுங்கள், ஆப்பிலிருந்தும் காரை நீக்குங்கள்.