படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்து

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் ஊறிய ஒருவருக்குச் சொந்தமாக ஒரு லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், தொடங்கும் ஆசை வந்தால், அவர் முதலில் நினைப்பது டெட்ராய்ட் நகரத்து மோட்டவுனைத்தான். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கார்டி, 1959இல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய நிறுவனம் 1988இல் 6.1 கோடி டாலருக்கு விலைபோனது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் இன்று சிறிய அளவில் சோல் லேபிள் நடத்துபவர்களைக் கவனித்தால், அவர்கள் வேலை செய்யும் முறை மோட்டவுனை விட மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸையே அதிகம் ஒத்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டாக்ஸைத் தொடங்கிய ஜிம் ஸ்டுவர்ட் ஒரு வங்கி ஊழியர். அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தம் வீட்டை அடமானம் வைத்து ஒலிப்பதிவுக் கருவி வாங்கிக் கொடுத்தார். 1960இல் இருவரும் மூடிக்கிடந்த ஒரு திரையரங்கை வாடகைக்குப் பிடித்து, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு அதையே ஸ்டுடியோவாக்கினார்கள். சரிவான தரையைச் சமப்படுத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். முன்புறம் பாப்கார்ன் விற்ற இடத்தில் எஸ்டெல் ரெக்கார்டு கடை வைத்தார். தெருப் பிள்ளைகள் எந்த இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், எதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதைக் கல்லாவில் இருந்தபடியே அவர் கவனித்தார். அந்தக் கடையில் வேலை பார்த்த ஸ்டீவ் க்ராப்பர்தான் உள்ளே கிட்டார் வாசித்தார். பள்ளி மாணவனாக அங்கே வந்துபோன புக்கர் டி. ஜோன்ஸ், நிறுவனத்தின் நிரந்தர வாத்தியக் குழுவுக்கே தலைவரானார்.

கடை, ஸ்டுடியோ, நிரந்தர வாத்தியக் குழு என்ற இந்த அமைப்பு இன்னும் உயிரோடிருக்கிறது. ஓஹாயோ மாநிலத்தின் கோல்மைன் லேபிளை நடத்துபவர்கள் ரெக்கார்டு கடையும் வைத்திருக்கிறார்கள். புரூக்ளினின் டாப்டோன், ஒரு பழைய வீட்டையே ஸ்டுடியோவாக்கி, டாப்-கிங்ஸ் என்ற நிரந்தரக் குழுவை வைத்துப் பதிவு செய்தது. சிறைக் காவலராக வேலை பார்த்தவரும், குள்ளம், பருமன், கறுப்பு, வயது கடந்தவர் என்று முன்பு ஒதுக்கப்பட்டவருமான ஷாரன் ஜோன்ஸ், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அங்குதான் தம் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். அந்தக் காலத்து டேப் கருவியிலேயே பதிவு செய்வதும் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து முறை சுழலும் சிறிய தட்டாகவே வெளியிடுவதும் சிலரிடம் வெறும் ஒப்பனையாகிவிட்டன என்பது என் மனக்குறை. வாத்தியக்காரர்கள் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பதில்தான் அந்த இசையின் உயிர் இருக்கிறது. அதை டேப் மட்டும் கொண்டுவந்துவிடாது.

ஸ்டாக்ஸின் ஒலியை இவ்வளவு நுணுக்கமாகக் கற்றவர்கள், அதன் ஒப்பந்தத்தையும் அதே கவனத்தோடு படித்திருப்பார்களா என்பதுதான் என் சந்தேகம். ஸ்டாக்ஸின் தட்டுகளை நாடெங்கும் விநியோகித்தது நியூயார்க்கின் அட்லாண்டிக் நிறுவனம். வாய்ப்பேச்சில் தொடங்கிய அந்த உறவு 1965இல்தான் எழுத்துக்கு வந்தது. அட்லாண்டிக் விநியோகித்த பதிவுகளின் முழு உரிமையும் அதற்கே சேரும் என்ற வரியைப் படிக்காமலே ஸ்டுவர்ட் கையெழுத்திட்டார். 1967இல் அட்லாண்டிக் வார்னர் நிறுவனத்துக்கு விற்கப்பட, ஸ்டாக்ஸ் பிரிந்து போக விரும்பியபோதுதான் அந்த வரியின் பொருள் அவருக்குப் புரிந்தது. பெர்ரி கார்டியோ, மோட்டவுனை விற்றபோதும் பாடல்களின் பதிப்புரிமையை வைத்திருந்த ஜோபெட் நிறுவனத்தைக் கைவிடவில்லை. 1997இல் அதில் பாதியை மட்டும் விற்றபோதே அவருக்குப் பதின்மூன்று கோடி டாலருக்கு மேல் கிடைத்தது.

1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் ஸ்டாக்ஸின் பாடகர் ஓடிஸ் ரெடிங் இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன் அந்தச் சரிவான தரையில் நின்று அவர் பதிவு செய்த ‘டாக் ஆஃப் தி பே’ பாடல், 1968 மார்ச்சில் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன் மாஸ்டரும், அதாவது மூலப் பதிவும், அட்லாண்டிக்குக்கே போனது.